அறிவியல் மாணவர்க்கு ஆங்கில இலக்கியம் எதற்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

நம் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது என்பது யாவரும் அறிந்ததே. பகுதி ஒன்று தமிழ்; பகுதி இரண்டு ஆங்கிலம்; பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் சார்புப் பாடங்களும்; நான்காம் பகுதியில் பிற துறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் விருப்பப்பாடம் முதலியன; ஐந்தாவது விரிவாக்கப் பணி. இவற்றுள் மூன்றாம் பகுதியை மட்டும் படிப்பு என்றும், மற்றவற்றைக் கடக்க வேண்டிய ஓடைகள் என்றும் எண்ணுகிறவர்களே நம்மில் மிகுதி. ஆங்கிலத் தாளுக்குத் தேர்வுக்கு முந்திய மூன்று நாள் போதும்; கடைத்தெருவில் உரைநூல் கிடைக்கும்; நாற்பது மதிப்பெண் வந்தால் சரி. இதுவே பொதுவான கணக்கு.

நான் தாவரவியல் மாணவன். பகுதி இரண்டில் ஆங்கிலம் படிப்பதோடு, விருப்பப்பாடத்தையும் ஆங்கிலத் துறையிலேயே எடுத்துக்கொண்டேன். ‘பூவும் வேரும் படிக்கிற உனக்கு வேர்ட்ஸ்வொர்த் எதற்கு?’ என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொல்லிமலைக் குண்டனி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளி வந்து, சமவெளியில் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. அந்தக் கணக்கையே இக்கட்டுரையில் எழுதிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதன்மைப் பாடத்தோடு இன்னொரு துறையைச் சிறுபாடமாகப் பயிலும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ‘மைனர்’ என்பர். இயற்பியல் முதன்மையாகவும் இலக்கியம் சிறுபாடமாகவும் பயின்று ஒருவர் பட்டம் பெறலாம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. பெயர்தான் புதிது. அறிவியல் மாணவன் ஆங்கில இலக்கியத்தை ஓரமாக வைத்துப் படிப்பது தமிழ்நாட்டில் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருவதே. நமக்கு அது விருப்பமாக அமையவில்லை, கட்டாயமாக அமைந்தது என்பதே வேறுபாடு.

கட்டாயம் எவ்வாறு வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். தமக்கு வடமொழியும் அரபியும் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, அம்மொழி நூல்கள் ஐரோப்பிய நூல்களுக்கு ஈடாகா என்று தீர்ப்பும் சொன்னவர் அவர்! 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆங்கிலமே கல்வியின் வாசலாக இருந்தது. இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்திலேயே ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக ஏற்கப்பட்டது 1890களில்தான், கேம்பிரிட்ஜில் 1917இல். இந்திய மாணவன் அதற்கு முன்பே ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சமயத்தை நேரடியாகப் போதிக்க இயலாத அரசு, அதற்கு மாற்றாக இலக்கியத்தைக் கொண்டு ஒழுக்கம் போதிக்க முயன்றது என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டுகிறார். ஆகவே, இப்பாடம் நம்மிடம் வந்தது நம்மேல் கொண்ட அன்பினால் அன்று. இதை மறந்துவிட்டு ஆங்கில இலக்கியத்தைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை.

அந்த வாசலில் நின்ற இரண்டு தமிழ் மாணவர்களை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் அரசுக் கல்லூரி மாணவர்கள். ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் அத்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் பட்டம் வாய்க்கவில்லை. கணிதத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆயினும் ஆங்கிலம் வழியை அடைத்தது. அதே 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்த சி. வி. இராமன், இயற்பியலில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் தங்கப் பதக்கம் பெற்றார். 1906இல், பதினெட்டு வயதில், அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டனில் வெளிவந்த ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் அச்சாயிற்று.

ஒருவருக்குத் தாழ்ப்பாளாகவும் மற்றவருக்குச் சாவியாகவும் இருந்தது ஒரே மொழி. இராமானுஜனுக்கும் இறுதியில் 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதமே கதவைத் திறந்தது. கட்டுரைத் தாள் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளில் தவறியதற்காகச் சோற்றுக்கு வழியான உதவித்தொகையைப் பறிப்பதுதான் கொடுமை. இன்று நமக்கு ‘அரியர்’ வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டுக்குப் போகும் வசதி உண்டு. இருப்பினும் எங்கள் மலையிலிருந்து கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துபோகப் படிப்பையே விட்டுவிட்டு மிளகுக் கொடிக்கும் மரவள்ளிக் காட்டிற்கும் திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு அறிவுக் குறை ஒன்றுமில்லை. இலக்கியத்தை எவரும் இலக்கியமாக அவர்களுக்குக் காட்டவில்லை. மனப்பாடம் செய்யும் பத்து வினாக்களாகவே காட்டினர்.

இனி, தாவரவியலுக்கு வருவோம். ஒரு புதிய செடியைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவிக்க வேண்டுமானால் அதன் இலக்கணத்தை எந்த மொழியில் எழுத வேண்டும்? 1935 முதல் 2011 முடியும்வரை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 2012 ஜனவரி முதல் நாள் தொடங்கி லத்தீன் அல்லது ஆங்கிலம் என்று தளர்த்தினர். நாளை எங்கள் மலைச்சரிவில் எவரும் காணாத ஒரு செடியை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் கண்டுபிடித்தாலும், அவன் தமிழில் எழுதி வைத்தால் அது அறிவிப்பு ஆகாது. பெயரில் மட்டும் தமிழ் நுழையலாம். நுழைந்தும் இருக்கிறது. முருங்கைக்கு மொரிங்கா என்றும், புங்கைக்குப் பொங்கேமியா என்றும், வெட்டிவேருக்கு வெட்டிவேரியா என்றும் பேரினப் பெயர் இட்டனர். (வெட்டிவேரை இப்போது வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டனர், நமக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.) பெயருக்குக் கீழே வரும் வருணனையோ ஆங்கிலத்தில். இலை முட்டை வடிவா ஈட்டி வடிவா, மயிர் அடர்ந்ததா அருகியதா, விளிம்பு பல் போன்றதா அலை போன்றதா என்று ஒவ்வொரு சொல்லும் நிறுத்து வைக்கப்பட்டிருக்கும். சரியான சொல்லுக்காகக் காத்திருக்கும் பொறுமை செய்யுள் படிப்பவனுக்கு வேண்டியதே; செடியை வருணிப்பவனுக்கும் அதுவே வேண்டும்.

ஆனால் இரண்டிற்கும் ஓரிடத்தில் சண்டை உண்டு. ஆய்வக ஏட்டில் எழுதும்போது ‘இலை எடுக்கப்பட்டது, குறுக்கே வெட்டப்பட்டது, நுண்ணோக்கியில் காணப்பட்டது’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் அவ்வாறே. எடுத்தது யார், வெட்டியது யார் என்பதே தெரியாது. ஆங்கில விருப்பப்பாட வகுப்பில் அவ்வகை வாக்கியத்தை எழுதிக் கொடுத்தால், ‘யார் எடுத்தது? கை எங்கே?’ என்று பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டுவிடுவார். முதலில் இது வெறும் இலக்கண வேற்றுமை, செயப்பாட்டு வினைக்கும் செய்வினைக்கும் உள்ள வேறுபாடு என்றே எங்கள் வகுப்பில் பேசிக்கொண்டோம். பிறகு எனக்கு வேறு ஒன்று விளங்கிற்று. யார் வெட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்காக ஆளை மறைப்பது அறிவியல். இந்த ஆள் கண்டதால்தான் இது இப்படித் தெரிந்தது என்று ஆளைக் காட்டுவது இலக்கியம். இரண்டும் நேர்மையான முறைகளே. ஒன்றை மட்டுமே கற்றவன் மற்றொன்றின் தேவை வரும்போது திணறுவான். எங்கள் மலையைப் பற்றிய அறிக்கைகளில் ‘விதைகள் சேகரிக்கப்பட்டன’ என்று படிக்கும்போதெல்லாம், அந்த விதையைக் குதிரிலிருந்து எடுத்துக் கொடுத்த கிழவி யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தது ஆங்கிலத் துறை. நன்றி சொல்லத்தான் வேண்டும்.

விதை என்றதும் சாமை நினைவுக்கு வருகிறது. ‘உங்கள் ஊர்ப் பயிர் ஒன்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுக’ என்று வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார்கள். அகராதியில் சாமைக்கு ‘லிட்டில் மில்லட்’ என்று இருக்கிறது. சிறு தானியங்களுக்குள்ளும் சிறியது என்று பொருள். யாருடைய கண்ணுக்குச் சிறியது? எங்கள் வீட்டில் அது சோறு. கேழ்வரகுக்கு விரல் என்ற பெயரும், தினைக்கு நரிவால் என்ற பெயரும் ஆங்கிலத்தில் நன்றாக அமைந்துள்ளன. கதிரைப் பார்த்தவன் வைத்த பெயர்கள் அவை. சாமைக்கு வைத்தவன் அரிசியோடு ஒப்பிட்டுவிட்டுப் போய்விட்டான் போலும். இது ஒருபுறமிருக்க, எங்கள் மலையில் சாமை என்பது ஒன்றன்று. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளப் பெருஞ்சாமை, கருஞ்சாமை என்று தனித்தனியே பெயர் சொல்லுவார்கள். தாவரவியல் நூலில் இத்தனைக்கும் ‘பேனிகம் சுமத்ரென்ஸ்’ என்ற ஒரே பெயர். அறிவியலுக்கு அது போதும், இனம் ஒன்றுதானே. ஆனால் எங்கள் ஆயாவுக்குப் போதாது. எதை எந்த மண்ணில் விதைப்பது, எது முந்தி விளையும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு வருவன. அந்தப் பத்தியைக் கட்டவெட்டிச் சாமை என்ற பெயரை அப்படியே வைத்து எழுதினேன். பெயரை மொழிபெயர்க்காமல், அது எப்படி நிற்கும் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முடியும் என்பது அன்று தெரிந்தது.

இங்கே செய்யுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண விரும்புகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பலமுறை பாடமாக வந்துள்ள வேர்ட்ஸ்வொர்த்தின் ‘தனியே அறுப்பவள்’ என்ற கவிதை அது. மலைநாட்டில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். வழிப்போக்கன் நின்று கேட்கிறான். அவள் மொழி அவனுக்குப் புரியவில்லை. என்ன பாடுகிறாள் என்று எவரேனும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டுவிட்டு, பழைய போர்களோ, அன்றாடத் துயரமோ என்று ஊகம் செய்கிறான். பிறகு பாட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு மலையேறிப் போய்விடுகிறான். உரைநூல்களில் ‘இயற்கைக் கவிஞர்’, ‘எளிய நடை’, ‘இசையின் ஆற்றல்’ என்று மூன்று தலைப்பு இருக்கும். எழுதினால் மதிப்பெண் உறுதி.

உரைநூல் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வேர்ட்ஸ்வொர்த் 1803இல் தம் தங்கை டோரதியோடு ஸ்காட்லாந்து சுற்றி வந்தவர்தான். ஆயினும் இக்கவிதைக்குக் கரு, தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் பயணக் கையெழுத்துப் படியிலிருந்த ஒரு வாக்கியம். 1805இல் எழுதி 1807இல் வெளியிட்டார். அந்தப் பெண் பாடியது கேலிக் மொழியில். ஆங்கிலம் எங்களை அழுத்தியது போலவே அந்த மலைநாட்டு மொழியையும் அழுத்திற்று. அப்படியானால் ஆங்கிலக் கவிஞர் ஒருவர், தமக்குப் புரியாத மொழியின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று, ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் கவிதை இது. ஆங்கிலம் புரியாமல் விழிக்கும் நாம் இதைப் படித்து நடுங்குவது வேடிக்கையல்லவா?

எனக்கோ இன்னொரு பக்கமும் தெரிகிறது. எங்கள் காட்டில் அத்தைமார் கதிர் அறுக்கும்போது, ஆகாய கங்கை பார்க்க வந்தவர்கள் வண்டியை நிறுத்திச் செல்பேசியில் படம் பிடிப்பார்கள். வேர்ட்ஸ்வொர்த்தாவது இறைஞ்சிக் கேட்டார், இவர்கள் கேட்பதுமில்லை. நின்று பார்க்கும் அந்த மனிதனைப் பற்றி அறுக்கும் பெண் என்ன நினைத்தாள்? கவிதையில் அது இல்லை. அத்தையிடம் கேட்டேன். ‘நிழல்ல நின்னு பாக்கறவங்களுக்கு எல்லாம் அழகாத்தான் இருக்கும் சாமி’ என்றார். இதை வகுப்பில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் அதை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதச் சொன்னார். ‘சாமி’ என்பதை மட்டும் அப்படியே எழுதினேன். அன்று அக்கவிதை எனக்குச் சொந்தமாயிற்று என்று சொல்லலாம்.

எங்கள் மலையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றவர் எவரேனும் உண்டா என்று தேடினேன். ஒருவர் உண்டு, ஆனால் மலைமகன் அல்லர். டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பணியாற்றிய ஆங்கிலேயப் பெற்றோர்க்கு அங்கேயே பிறந்தவர். ஒன்பது வயதில் பள்ளிப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் முதலில் கட்டட வேலை பயின்று, பிறகு மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து மீண்டும் இயங்க வைத்தவர் என்று உலகம் அவரை அறியும். 2003இல் மறைந்தார்.

அவர் பிலிப் யான்சியோடு சேர்ந்து பொது வாசகர்க்கு எழுதிய நூல்கள் 1980 முதல் வந்தன. சமயச் சிந்தனை அவற்றில் கலந்திருக்கும். அது அவரவர் விருப்பம். நான் கவனித்தது எழுதும் முறையை. தொழுநோயில் விரல் அழுகி உதிர்கிறது என்றே அனைவரும் நம்பியிருந்தனர். நோயாளி வலியை உணராமையால் காயம் மேல் காயம் பட்டே விரலை இழக்கிறான் என்று அவர் கண்டார். இதைக் கோட்பாடாகத் தொடங்குவதில்லை. துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பியதையும், விரல் எலும்புவரை கிழிந்தும் அவன் அதை அறியாமல் நின்றதையும் சொல்லுகிறார். இரவில் எலி கடித்தும் விழிக்காதவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததைச் சொல்லுகிறார். படிப்பவன் முடிவுக்குத் தானே வந்துவிடுகிறான். ஆய்வகத்தில் நாம் ‘காணப்பட்டது’ என்று எழுதுவதற்கும், ‘நான் பூட்டின் முன் நின்றேன்’ என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவை அங்கே அளந்து பார்க்கலாம்.

ஆயினும் ஒரு குறை. சங்கப் புலவர் வன்பரணர் வல்வில் ஓரியின் வில்லைப் புறநானூற்றில் பாடினார். குறுந்தொகையில் கபிலரும் பரணரும் கொல்லிப் பாவையைக் கூறினர். 1962இல் ஏ. கே. இராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்து, அதிலிருந்து மொழிபெயர்த்து 1967இல் நூலாக வெளியிட்டார். இப்படி எங்கள் மலையைப் பற்றிய சொல் கடல் கடந்தும் போயிருக்கிறது. சொன்னவர்கள் புலவர்கள், பாதிரிமார், ஆய்வாளர்கள். மலையில் சாமை விதைக்கிறவர் வீட்டிலிருந்து எழுதியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1948இல் மருத்துவம் படிக்கத்தான் இபாதான் கல்லூரியில் சேர்ந்தார். இலக்கியத்திற்கு மாறியதால் உதவித்தொகையை இழந்தார். 1958இல் அவர் வெளியிட்ட நாவலில் வள்ளிக்கிழங்கு பயிரிடும் ஊரை உள்ளிருந்து எழுதிக் காட்டினார். நான் துறை மாறப் போவதில்லை. அவ்வளவு துணிவும் வசதியும் இல்லை. சிறுபாடமாகவே இருக்கட்டும்.

‘இதனால் வேலை கிடைக்குமா?’ என்பார்க்கு நேராகவே பதில் சொல்லுகிறேன். கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. அரசுப் பணிக்கான நான்காம் தொகுதித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் பேசப் பழகுவதற்குத் தனிப் பயிற்சி வகுப்புகளும் உள்ளன. ஆனால் முதுநிலை அறிவியலுக்குப் போனால் ஆய்விதழ் அனைத்தும் ஆங்கிலந்தான். அங்கே ஒரு பத்தியைப் படித்து, எழுதியவர் எதைச் சொல்லுகிறார், எதை விட்டுவிட்டார் என்று பிரித்தறியும் பழக்கம், உரையாடல் பயிற்சியில் வருவதன்று. செய்யுளில் வரும்.

படிக்கும் முறை பற்றி முதலாண்டு நண்பர்கள் கேட்பதால் ஒரு சொல். உரைநூலை முதலில் திறக்காதீர்கள். பாடத்தை இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லின் கீழ்க் கோடிட்டு அப்படியே மேலே போங்கள். மூன்றாம் முறை நம் நூலகத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம், கனமானது; ஆனால் ஒரு சொல்லுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்களை அடுக்கித் தரும்; எது பொருந்தும் என்று நாமே தேர வேண்டியிருப்பதில்தான் பயன். வாரம் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் எழுதி, பிழை திருத்த எவரிடமாவது கொடுங்கள். எனக்கு ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவர் திருத்தித் தருகிறார். பதிலுக்கு அவர்க்குச் சுற்றுச்சூழல் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

இரண்டாம் ஆண்டோடு பகுதி இரண்டு முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் அறிவியல் மாணவர்க்கு ஆங்கில வகுப்பே கிடையாது. ஆய்வேடும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வும் வந்து நிற்பதோ அப்போதுதான். மாலையில் வாரம் ஒரு மணி நேரம், எழுத்துப் பயிற்சிக்கென்று ஆங்கிலத் துறையும் அறிவியல் துறைகளும் சேர்ந்து நடத்தலாமா என்று பேராசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான் இப்போது சாமை வகைகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வருணித்து வருகிறேன். நான்கு முடிந்தன. ஐந்தாவதான கருஞ்சாமையின் கதிர் முற்றியதும் ஒரு பக்கமாகச் சாய்வதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. அதற்கு நிகரான சொல்லைச் சொற்களஞ்சியத்திலும் தாவரவியல் நூலிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்; அறிந்தவர்கள் விடுதியில் என்னிடம் சொன்னால் எழுதிக்கொள்வேன்.